உரிமதாரர் மூன்று முறை அழைக்கப்பட்டார்

துப்பாக்கி வாங்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்று ஊரில் பலருக்குத் தெரியும். விற்க எத்தனை வேண்டும் என்பது கண்ணாடிக் கடைக்காரனுக்கு மட்டும்தான் தெரியும். அவனும் அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவன் இல்லை.

கடை அவனுடையது அல்ல. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸ் வெட்டிக் கொடுப்பவன். துப்பாக்கியும் அவனுடையது அல்ல. அவன் மனைவியுடையது. அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் துப்பாக்கி சுடும் சங்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் காகித வட்டத்தைச் சுடுவாள். அவன் கடைக்கு முதலில் வந்ததே அதற்காகத்தான். துப்பாக்கி முனை தெளிவாகத் தெரிகிற மாதிரி வலது கண்ணுக்கு மட்டும் பவர் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றாள். கொடுத்தான். அப்புறம் கல்யாணம். அப்புறம் பாப்பா. அப்புறம் ஒன்பது நாள் காய்ச்சல்.

மனைவி இறந்த பன்னிரண்டாம் நாள் காவல் நிலையத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றினார். அதுவரை நல்ல மனிதர்தான். படுக்கையறைச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கியிருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். அவளுக்கு ஐந்து வயது. இவரையே பார்த்துக்கொண்டு, ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"உரிமதாரர் இல்லாத வீட்ல ஆயுதம் இருந்தா, பன்னெண்டு வயசுக்குக் கீழ குழந்தை இருக்கக் கூடாது தம்பி. ரூல்."

"அதோட சுடுற பாகம் இங்க இல்ல சார். சங்கத்து லாக்கர்ல இருக்கு. இது இப்போ வெறும் குழாய்."

"குழாய்க்கு நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ ஆயுதம்."

"நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க சார்."

இன்ஸ்பெக்டர் வருத்தப்பட்டார். "அதைத் தொடுற அதிகாரம் எனக்கு இல்லப்பா. உரிமதாரர்தான் கொண்டுவந்து ஒப்படைக்கணும். இல்லன்னா முறைப்படி வித்துடு. வாங்கறவர் வந்து எடுத்துட்டுப் போவாரு. அதுவரைக்கும் துப்பாக்கி இங்க இருக்கட்டும், பிள்ளை வேற எங்கயாவது இருக்கட்டும்." அதையே ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலையே பாப்பாவை இரண்டு பஸ் மாறி அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான். குழந்தையை வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோகப் படிவம் எதுவும் தேவைப்படவில்லை.

வாங்குவதற்கு ஆள் தயாராக இருந்தார். பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் பக்கத்துப் பாயில் படுத்துச் சுட்டவர். ஆறு வருடமாக அந்தத் துப்பாக்கி மேல் ஒரு கண். ஆனால் அதை இப்படி வாங்க வேண்டியிருக்கும் என்று நினைத்தவர் இல்லை. முறையான உரிமம் வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒரு செவ்வாய்க்கிழமை ஆயுத உரிம அலுவலகத்துக்குப் போனார்கள். ஒரு மணி நேர வேலை என்று டாக்டர் கிளினிக்கில் மூன்று பேரை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார்.

மூன்றாம் மேஜையில் ஓர் அம்மா. தனிநபர் விற்பனைக்கான படிவத்தை நீட்டினார். பதினோரு பக்கம். வாங்குபவர் பக்கத்தை டாக்டர் நிரப்பினார். விற்பவர் பக்கத்தில் கண்ணாடிக் கடைக்காரன் தன் பெயரை எழுதப் போனான்.

"நீங்க யாரு?"

"உரிமதாரரோட கணவர்."

"அவங்க வரலையா?"

"இறந்துட்டாங்க."

"அதை முன்னாடியே சொல்லணும்ல?"

"இப்போதான் நீங்க கேட்டீங்க."

"நீங்க சொல்றதில்ல சார். அவங்க சொல்லியிருக்கணும்." அம்மா ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டி, விரலை வைத்துக் காட்டினார். "விதி முப்பத்தொண்ணு. உரிமதாரரின் நிலையில் ஏற்படும் எந்த மாற்றத்தையும் பதினாலு நாளுக்குள்ள உரிமதாரரே எழுத்து மூலமாத் தெரிவிக்கணும். வீடு மாறினா எழுதித் தர்றாங்க. பேரு மாத்தினா எழுதித் தர்றாங்க. இதுவும் மாற்றம்தானே?"

பல் டாக்டர் குறுக்கே வந்தார். "மேடம், செத்துப் போனவங்க எப்படி எழுதித் தருவாங்க?"

"அது எனக்குத் தெரியாது சார். எழுதித் தந்தாங்களா இல்லையாங்கறதுதான் எனக்குத் தெரியணும்."

அவன் இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தான். அம்மா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இது சுகாதாரத் துறை கொடுத்தது. நாங்க வேற துறை. தவிர, இதுல துப்பாக்கி நம்பர் இல்லையே."

அடுத்த வாரம் ஒரு பதிவுத் தபால் வந்தது, மனைவி பெயருக்கு. தபால்காரர் சைக்கிளில் உட்கார்ந்தபடியே கவரின் பெயரைப் படித்தார். அப்புறம் இவன் முகத்தைப் பார்த்தார். "நேர்ல கையெழுத்து வாங்கணும்னு போட்டிருக்கு. நீயே போட்டுடுப்பா. நான் அந்தப் பக்கம் பார்த்துக்கறேன்" என்று உண்மையாகவே அந்தப் பக்கம் பார்த்தார். இந்தக் கதையில் விதியை மீறிய அரசு ஊழியர் அவர் ஒருவர்தான்.

கவருக்குள் இருந்தது விளக்கம் கேட்கும் கடிதம். "தங்கள் நிலையில் ஏற்பட்டதாகக் கூறப்படும் மாற்றத்தைக் குறித்த காலத்துக்குள் தெரிவிக்கத் தவறியதற்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான காரணத்தைத் தாங்கள் நேரில் ஆஜராகி விளக்க வேண்டும். விசாரணை முடியும்வரை விற்பனை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது."

அவன் அதை இரண்டு முறை படித்தான். இத்தனை மரியாதையோடு அவளுக்கு யாரும் கடிதம் எழுதியதில்லை.

விசாரணை அன்று நடைபாதையில் ஒரு நீள பெஞ்சு. பக்கத்தில் ஒரு கிழவர், தாத்தா காலத்துத் துப்பாக்கியைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைக்க அனுமதி கேட்டு வந்தவர். எந்த வருடம் கேட்டார் என்று அவருக்கே நினைவில்லை. பதினோரு மணிக்குச் சிவப்புப் பட்டை மாட்டிய டவாலி வெளியே வந்து தொண்டையைச் செருமினார். அவள் பெயரை முழுசாக, தகப்பன் பெயரோடு, வாசலைப் பார்த்து ஒரு முறை கூப்பிட்டார். திரும்பி மாடிப்படியைப் பார்த்து ஒரு முறை. பிறகு கான்டீனைப் பார்த்து ஒரு முறை.

"எதுக்கு மூணு பக்கமும்?" என்று டாக்டர் கேட்டார்.

"எந்தப் பக்கமிருந்து வருவாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும் சார்?" என்றார் டவாலி. முப்பது வருட அனுபவம்.

மூன்று பக்கத்திலிருந்தும் யாரும் வரவில்லை. 'ஆஜராகவில்லை' என்று எழுதி ஆறு வாரம் தள்ளி வைத்தார்கள்.

அவன் மூன்றாம் மேஜைக்குப் போனான். "அவங்களுக்குப் பதிலா நான் ஆஜராகலாமா?"

"தாராளமா" என்றார் அம்மா. "உங்களுக்கு அதிகாரம் கொடுத்து அவங்க கையெழுத்துப் போட்ட பத்திரம் மட்டும் கொண்டு வந்துடுங்க."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனான். பாப்பாவின் பல் விழுந்திருந்தது. தீப்பெட்டிக்குள் பஞ்சில் வைத்து எடுத்துவந்து காட்டினாள். பெரிய பல் டாக்டர் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்று அவன் சொன்னான்.

"துப்பாக்கி போயிடுச்சாப்பா?"

"இன்னும் இல்ல."

"அது எப்ப அத்தை வீட்டுக்கு வரும்?"

"அது வராது. நீதான் நம்ம வீட்டுக்கு வருவ."

"அதை இங்க விட்டுட்டு என்னைக் கூட்டிட்டுப் போ. அத்தைக்கு வயசு பன்னெண்டுக்கு மேலதானே?"

அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "இந்த அறிவு அங்க உக்காந்திருக்கிற ஒருத்தனுக்கு இருக்கா பாரு. டேய், அந்தக் கருமத்தைத் தூக்கி ஆத்துல போட்டுட்டு வேலையைப் பாருடா."

"போட்டா காணாமப் போனதா ஆகும்க்கா."

"ஆகட்டுமே."

"காணாமப் போனா உரிமதாரர் நேர்ல வந்து புகார் கொடுக்கணும்."

அக்கா கரண்டியால் தன் நெற்றியில் தட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டாவது விசாரணைக்கும் அவள் வரவில்லை. வாசல், மாடிப்படி, கான்டீன். இரண்டு முறை ஆஜராகாதவரின் வீட்டைக் குழு நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒரு வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். குழுத் தலைவர், அளவு நாடா வைத்திருப்பவர், எழுதுபவர். வாங்குபவரும் உடனிருக்க வேண்டுமாம். டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டுக் கையில் பெட்டியோடு அப்படியே வந்திருந்தார்.

தலைவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார்.

"என்ன சார் தேடறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"உரிமதாரர் விசாரணையைத் தவிர்க்கறதுக்காக ஒளிஞ்சிருக்கலாம். நடந்திருக்கு."

எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, உரிமதாரரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அவர் சொன்னார். தூக்கிக்கொண்டு போன நாலு பேரில் அவரும் ஒருவர். 'கடைசியாக வீட்டைவிட்டு வெளியே செல்லும்போது பார்த்ததாகச் சாட்சி கூறுகிறார்' என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்தது துப்பாக்கி நம்பர். பெட்டியைத் திறக்கலாம், பெட்டிக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் உள்ளே இருப்பதைத் தொட அறையில் ஒருவருக்கும் உரிமை இல்லை. டாக்டருக்கு வேறு துப்பாக்கிக்குத்தான் உரிமம். நம்பரோ குழாயின் பின்பக்கம், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழு பத்து நிமிடம் யோசித்தது. தலைவர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். அளவு நாடா கீழே படுத்துப் பார்த்தார். கடைசியில் பல் டாக்டர் பெருமூச்சு விட்டுத் தன் மருத்துவப் பெட்டியைத் திறந்து, கடைவாய்ப் பல் பார்க்கிற நீளக் கைப்பிடி போட்ட குட்டிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். தலைவர் அதைத் துப்பாக்கிக்குப் பின்னால் நுழைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். துப்பாக்கி வாயைத் திறந்துகொண்டு நின்ற மாதிரி இருந்தது.

"சார்" என்றான் கண்ணாடிக் கடைக்காரன். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை. பிழைப்பு சம்பந்தப்பட்டதால் சும்மா இருக்க முடியவில்லை. "கண்ணாடியில இடம் வலம் மாறித் தெரியும். கடைசி எண்தான் முதல்ல வரும்."

"தெரியும் தம்பி. ஆனா பார்த்ததைத்தான் எழுத முடியும். திருப்பி எழுதினா திருத்தினதா ஆயிடும்."

பார்த்தபடியே எழுதினார்கள். பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கும்போது பொருந்தவில்லை. மூன்றாம் மேஜை அம்மா கெட்டிக்காரர். தன் கைப்பையிலிருந்த முகக் கண்ணாடியைக் கோப்போடு சேர்த்து நூலால் கட்டிவிட்டார். அன்று முதல் அந்தக் கோப்பு எந்த மேஜைக்குப் போனாலும் அதிகாரிகள் முதலில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள்.

மூன்றாவது விசாரணை பத்தாம் மாதம் வந்தது. இந்த முறை துணை ஆணையரே உட்காருகிறார் என்றார்கள். அவனுக்கு இரவெல்லாம் தூக்கமில்லாமல் போய் வெகு நாளாகியிருந்தது. ஆகவே அன்றும் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. முந்தின வாரம் பாப்பா 'எங்க வீடு' என்று தலைப்புப் போட்டு ஒரு படம் வரைந்திருந்தாள். அது அக்கா வீடு. ஜன்னல் கம்பிகூடச் சரியாக நாலு. இனி ஒரு ஆறு வாரம் தள்ளினால் பிள்ளை கேட்பதையே விட்டுவிடும் என்று அவனுக்குத் தோன்றியது.

டவாலி வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். மாடிப்படியைப் பார்த்துக் கூப்பிட்டார். கான்டீனைப் பார்த்து மூன்றாவது முறை கூப்பிட்டபோது கண்ணாடிக் கடைக்காரன் எழுந்து நின்றான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

"நீங்க இல்ல சார். அவங்க" என்றார் டவாலி தணிந்த குரலில்.

உள்ளே துணை ஆணையர் கோப்பின் கண்ணாடியில் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"ரெண்டு பேரும் உக்காருங்க. நான் இந்தக் கோப்பை முழுசாப் படிச்சேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு கோப்பை முழுசாப் படிச்சது இதான் முதல் தடவை. கோப்பு என்ன சொல்லுது? இந்த உரிமதாரர் பத்து மாசமா ஆயுதத்தை வீட்டைவிட்டு வெளியே எடுக்கலை. ஒரு தோட்டா வாங்கலை. ஒரு தடவை சுடலை. அக்கம்பக்கத்துல ஒரு புகார் இல்லை. மத்த உரிமதாரர்களைப் பாருங்க. ஒருத்தர் குடிச்சுட்டுப் பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டியைச் சுட்டாரு. ஒருத்தர் துப்பாக்கியை ஆட்டோல வச்சு மறந்துட்டாரு. ஒருத்தர் வாரா வாரம் இங்க வந்து சத்தம் போடறாரு. இந்தம்மா ஒரு நாள் வந்து ஒரு கேள்வி கேட்டிருப்பாங்களா? இந்தச் சட்டம் எழுதினவங்க மனசுல நினைச்ச உரிமதாரர் இவங்கதான். எல்லாரும் இவங்களை மாதிரி இருந்துட்டா இந்த அலுவலகம் எவ்வளவு நிம்மதியா நடக்கும்!"

பல் டாக்டர் வாயைத் திறந்தார். மற்றவர்கள் வாயைத் திறந்துதான் அவருக்குப் பழக்கம். ஆகவே சத்தம் வரக் கொஞ்சம் நேரமானது. "ஐயா, அவங்க உயிரோட இல்ல."

"அதை உரிமதாரர் தெரிவிக்கலையே. தெரிவிக்காத வரைக்கும் மாற்றம் நடக்கலைன்னுதான் அர்த்தம். மாற்றம் நடக்கலைன்னா தெரிவிக்காதது குற்றமில்லை. அவங்க மேல இருந்த நடவடிக்கையைக் கைவிடறேன்." அவர் மகிழ்ச்சியோடு அவனைப் பார்த்தார். வாழ்த்தை எதிர்பார்க்கிற முகம். "அது மட்டுமில்ல. உரிமத்தை இன்னும் மூணு வருஷத்துக்கு நீட்டிக்கறேன். நன்னடத்தைக்குப் பாராட்டும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கேன்."

"அப்போ விற்பனை?" என்றார் டாக்டர்.

"விண்ணப்பத்துல அவங்க கையெழுத்து இல்லையே டாக்டர். இத்தனை தடவை கூப்பிட்டும் போடலைன்னா அவங்களுக்கு விற்க இஷ்டமில்லைன்னுதானே? உரிமதாரரோட விருப்பத்தை மதிக்கணும். வேற துப்பாக்கி பாருங்க."

கண்ணாடிக் கடைக்காரன் மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"பாப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாமா சார்?"

"எந்தப் பாப்பா?"

சொன்னான். இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினான். துணை ஆணையர் அதை வாங்கிப் படித்து, எரிச்சலோடு தள்ளினார்.

"உரிமதாரர் இல்லாத வீடுன்னு எழுதியிருக்காரு. யாரைக் கேட்டு எழுதினாரு? காவல் துறைக்கு எங்க உரிமதாரர் இருக்காங்களா இல்லையான்னு சொல்ற அதிகாரம் கிடையாது. அந்த வீட்ல மூணு வருஷத்துக்கு உரிமம் உள்ள, பாராட்டு வாங்கின உரிமதாரர் இருக்காங்க. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

"எழுத்துல கொடுத்துடுங்க சார்."

அவர் தட்டச்சு செய்யச் சொன்னார். அரை மணி நேரத்தில் வந்தது. அந்த அலுவலகத்தில் அவ்வளவு சீக்கிரம் எதுவும் வந்ததாக வரலாறு இல்லை. அவன் நின்றபடியே வாசித்தான். 'மேற்படி குழந்தை, உரிமதாரரான தன் தாயின் கண்காணிப்பில் மேற்படி வீட்டில் வசிப்பதற்கு இந்த அலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை.' கீழே முத்திரை. மை இன்னும் காயவில்லை.

படியிறங்கும்போது பல் டாக்டர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"விடக் கூடாது தம்பி. நான் வக்கீல் பிடிக்கறேன். மேல்முறையீடு போட்டா ஒரே நாள்ல உடைச்சிடலாம். கண்ணிருக்கிற எந்த நீதிபதியும் அவங்க இறந்துட்டாங்கன்னு தீர்ப்புக் கொடுத்துடுவாரு."

"கொடுத்தா?"

"கொடுத்தா, நம்ம பக்கம் ஜெயிச்ச மாதிரி."

"அப்புறம் அந்த வீட்ல உரிமதாரர் இல்ல டாக்டர்."

டாக்டர் அடுத்த படியில் வைக்கப்போன காலை அப்படியே நிறுத்தினார். பிறகு, "பிள்ளைக்குப் பல்லு எதுனா தொந்தரவுன்னா நேரா கிளினிக்குக்குக் கூட்டிட்டு வா" என்றார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

அக்கா வீட்டுக்குப் போனபோது மணி நாலு. பாப்பா பள்ளியிலிருந்து வந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அக்கா உத்தரவை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, உதடு அசையப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி மேலேயிருந்து படித்தாள்.

"என்னடா இது? இதுல அவ இருக்கான்னுல்ல போட்டிருக்கு."

"ஆமா."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லக்கா."

"சிரிக்கறதா அழுறதான்னு தெரியலைடா" என்றாள் அக்கா. இரண்டையும் செய்யவில்லை. பாப்பாவின் துணிகளை எடுத்து மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். சின்னதாகிப் போன சட்டைகளைத் தனியாக எடுத்து வைத்தாள். அவை நிறைய இருந்தன.

பாப்பா இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். கட்டிலில் கிடந்த தாளை எடுத்து விரலை ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அப்பா, இதுல அம்மா பேரு இருக்கு."

"இருக்கு."

"எதுக்குப் போட்டிருக்காங்க?"

"பாராட்டிருக்காங்க."

"அம்மா என்ன பண்ணாங்க?"

அவன் பையின் ஜிப்பை இழுத்தான். பாதியில் சிக்கியது. பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் இழுத்தான்.

"உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

பாப்பா தாளைக் கீழே வைத்துவிட்டு, கழற்றிய சாக்ஸை மறுபடி மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள்.